மூலைப் பலகை

காலை ஐந்து ஐம்பதுக்கு எழுகிறேன். அலாரம் ஆறு மணிக்கு. அது அடிக்கும்போது பல் துலக்கிக்கொண்டிருப்பேன். கெட்டிலில் இரண்டு குவளைக்குக் குறைவாகத் தண்ணீர் ஊற்றினால் அது அணைந்துவிடுகிறது. அதனால் இரண்டு குவளை கொதிக்க வைத்து ஒன்றைக் கொட்டுகிறேன். காபியை நின்றுகொண்டே குடிக்கிறேன். குவளையைக் கழுவுகிறேன். மேடையில் தெறித்த தண்ணீரைத் துடைக்கிறேன். மேடையின் வெட்டு முனையில் ஒட்டிய டேப்பை விரலால் ஒருமுறை அழுத்திவிட்டு, அதன் கீழே மடித்து வைத்திருக்கும் துண்டை மாற்றுகிறேன். பிறகு பை, சாவி, செருப்பு. நடையில் பக்கவாட்டாக நடந்து வாசலுக்குப் போகிறேன். அங்கே சுவரில் ஒரு பலகை சாய்ந்து நிற்கிறது. நேராக நடந்தால் தோள் இடிக்கும்.

பதினொரு மாதமாக இதுதான்.

என் மனைவி சமையல் மேடை போடுகிறவள். அடுத்தவர் வீடுகளில் லேமினேட் மேடைகளை அளந்து, வெட்டி, மூலையில் இணைப்பது அவள் வேலை. லேமினேட் என்றால் மேலே பார்ப்பதற்குக் கல். உள்ளே அழுத்திய மரத்தூள். வெட்டின முனையில் தண்ணீர் புகுந்தால் நனைந்த ரஸ்க் போல ஊதிவிடும். அதனால் இரண்டு பலகை சேரும் மூலைதான் அந்த வேலையில் கடினம். அங்கே மயிரிழை இடைவெளி இருந்தாலும் தண்ணீர் கண்டுபிடித்துவிடும்.

எங்கள் வீட்டில் மட்டும் நான்கு வருடம் பழைய மேடையே இருந்தது. கேட்டால், "புகார் எழுதிக் குடு, வரிசையில வெச்சுக்கறேன்" என்பாள்.

கடைசியில் ஒரு சனிக்கிழமை வரிசை வந்தது. முதல் பலகையைப் போட்டு, மூலை வெட்டும் வெட்டிவிட்டாள். இரண்டாவது பலகை ஞாயிற்றுக்கிழமைக்கு. ஞாயிறு காலை தலை வலிக்கிறது என்று போய்ப் படுத்தாள். பன்னிரண்டு மணிக்கு எழுப்பப் போனேன். மூளையில் ரத்தக்குழாய் வெடித்திருக்கிறது என்றார் டாக்டர். முன்னாலேயே போய்ப் பார்த்திருந்தாலும் பயன் இருந்திருக்காது என்றார். அதை இரண்டு முறை சொன்னார். அவளுக்கு முப்பத்தொன்று.

அன்று அத்தை, அவளுடைய அம்மா, என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு ஒன்றே ஒன்று கேட்டார். "கடைசியா என்ன சொன்னா மாப்ள?"

"அம்மாவுக்கு போன் பண்ணணும்னு சொன்னா" என்றேன்.

அவள் அப்படிச் சொல்லவில்லை. அவள் சொன்னது இந்தப் பலகையைப் பற்றி. அதை அன்று ஒரு தாயிடம் சொல்ல வாய் வரவில்லை. அதன் பிறகு, சொன்ன பொய்யைத் திருப்பி எடுக்க நாள் வரவில்லை.

*

பதினோராவது மாதத்தில் அத்தை வந்தார். ஒரு வாரம் இருப்பதாகச் சொன்னார். நான் ஒழுங்காகச் சாப்பிடுகிறேனா என்று பார்க்க.

"சாப்பிட்டீங்களா?"

"ம்."

"‘ம்’னா சாப்பிட்டாச்சா, இனிமேதானா?"

"ம்."

"உங்ககிட்ட ஒரு பதில் வாங்கறதுக்குள்ள எனக்கு ஒரு வேளைப் பசி எடுத்துடுது."

வந்த இரண்டாம் நாள் காலை அவர் சமையலறையிலிருந்து கூப்பிட்டார். டேப்பை உரித்துவிட்டு, மேடையின் வெட்டு முனையைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டிருந்தார். சுவரோரம், பின் மூலையில், லேமினேட்டுக்குக் கீழே மரத்தூள் புடைத்திருந்தது. ஒரு நகத்தின் அளவு.

"இது என்ன?"

"தண்ணி."

"எத்தனை நாளா?"

தெரியவில்லை. தினமும் அதைத் தொட்டிருக்கிறேன். குனிந்து பார்த்ததில்லை.

"அவ போட்டது இது. இத மட்டுமாவது காப்பாத்துங்க" என்றார். குரல் உயரவில்லை. "போன குடுங்க. அந்த அரை மில்லிய கூப்பிடறேன்."

அரை மில்லி அவளிடம் ஆறு வருடம் வேலை செய்தவர். ஐம்பது வயது. காதில் பென்சில், கழுத்தில் நூல் கட்டிய கண்ணாடி. சேர்ந்த முதல் வாரம் ஓர் இணைப்பைக் காட்டி, "அரை மில்லிதானே மேஸ்திரிம்மா" என்று சொல்லியிருக்கிறார். அவரைவிட இருபது வயது சின்னவள் அந்த இணைப்பைப் பிரித்து மறுபடி செய்ய வைத்தாள். அன்றிலிருந்து அந்தப் பெயர். அவருடைய மனைவியே இப்போது அப்படித்தான் கூப்பிடுகிறார் என்று கேள்வி.

மறுநாளே வந்தார். பதினொரு மாதத்தில் முதல் முறை. வாசலில் செருப்பை அவிழ்க்க வேண்டியதைவிட அதிக நேரம் எடுத்துக்கொண்டார்.

சமையலறையில் மண்டியிட்டு டார்ச் அடித்துப் பார்த்தார். வெட்டின முனையில் விரலை ஓட்டினார். முன் விளிம்பிலிருந்து பின் விளிம்பு வரை. திரும்ப ஒருமுறை.

"மேஸ்திரிம்மா கைதான். பாருங்க சார், இந்த மூலை தொண்ணூறு டிகிரி இல்ல. சுவரு கொஞ்சம் திறந்து நிக்குது. அதுக்குத் தக்கபடி பின்னால ஒரு இழை கூட்டி வெட்டியிருக்காங்க."

"ஊதினது?" என்றார் அத்தை.

"இப்போதைக்கு நகம் அளவு. பசை விட்டு கிளாம்ப் போட்டு இறுக்கினா அடங்கும். ஆனா ரெண்டாவது பலகை வந்து சேந்து இந்த முனைய மூடணும்மா. இன்னும் ஒரு மாசம் இப்படியே விட்டா உள்ள பரவிடும். அப்புறம் இத எடுத்து எறிய வேண்டியதுதான்."

"அந்தப் பலகைதான் நடையில இருக்கே."

"அது நல்லா இருக்கணும். இந்த டிசைன நிறுத்திட்டாங்க. வேற பலகை கெடைக்காது. அது ஒண்ணுதான். அது கெட்டா, ஜோடி சேரலன்னு இதையும் கழட்டணும்."

மூவரும் நடைக்குப் போனோம். அவர் ஒரு நீள அடிக்கோலைப் பலகையின் முகத்தில் வைத்தார். மேலும் கீழும் கோல் தொட்டது. நடுவில் தொடவில்லை. அந்த இடைவெளியில் தன் பென்சிலை நுழைத்தார். பென்சில் தாராளமாக உள்ளே போய் வெளியே வந்தது.

"எட்டு மில்லி" என்றார். "யாரு இத சாய்ச்சு வெச்சது?"

நான் பலகையைப் பார்த்தேன்.

"கடைக்காரன் சாய்ச்சு வெச்சிட்டுப் போவான், அது அவன் புத்தி. ஆனா மேஸ்திரிம்மா இருக்கற வீட்டுல ஒரு ராத்திரிக்கு மேல பலகை நின்னதா சரித்திரம் இல்லையே. வேற வீட்டுல நான் சாய்ச்சு வெச்சதுக்கே ரெண்டு நாள் பேசாம இருந்தாங்க."

"அவதான் இல்லையே" என்றார் அத்தை.

அரை மில்லி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அது சுத்தமாகத்தான் இருந்தது.

*

பலகையைக் கூடத்தில் முகம் குப்புறப் போட்டோம். கீழே பழைய போர்வை. இரண்டு முனைக்கும் கீழே மெல்லிய கட்டை. நடுவில் முதுகு வில் போல் எழும்பி நின்றது.

"இது மேல எடை வெக்கணும். ஒன்பது நாள். வீட்டுல கனமா என்ன இருக்கு?"

என்னிடம் இருந்தது நிலப்படத் தொகுப்புகள். நில அளவை அலுவலகத்தில் படம் வரைவது என் வேலை. கல்லூரிக் காலத்துப் புத்தகங்களும் இருந்தன. இரண்டு அலமாரியைக் காலி செய்து அடுக்கினேன். அரை மில்லி உயரத்தைப் பார்த்துத் தலையாட்டினார். "படிப்பு வீண் போகலை சார்."

அத்தை தன் பெட்டியையும் கொண்டு வந்து மேலே வைத்தார். "நான் போற நாள் தள்ளிப்போச்சு. பெட்டி இங்க இருக்கறப்ப நான் எப்படிப் போறது?"

ஒன்பது நாளும் பலகையைச் சுற்றி நடந்தோம். காலையில் இரண்டு குவளை காபி. கொட்ட வேண்டியிருக்கவில்லை. அத்தை கூடத்தில் உட்கார்ந்து பலகையின் பக்கம் குனிந்து, "எறங்கிடுச்சா?" என்பார். நான் அடிக்கோலை வைத்துப் பார்த்து எண்ணைச் சொல்வேன். ஏழு. ஆறரை. ஆறு. "காய்ச்சல் பாக்கற மாதிரி இருக்கு" என்றார் ஒருநாள். இன்னொரு நாள் காலை எனக்கு முன்பே எழுந்து, தானே கோலை வைத்துப் பார்த்து, கைப்பேசியில் அரை மில்லியைக் கூப்பிட்டு, "அஞ்சு!" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

ஒன்பதாம் நாள் மூன்று மில்லி. அதற்கு மேல் இறங்கவில்லை.

"போதும்" என்றார் அரை மில்லி. "மிச்சத்த ஸ்க்ரூ பாத்துக்கும்."

*

ஞாயிற்றுக்கிழமை காலை அரை மில்லி வந்தார். ஊதின இடத்தை முந்தின வாரமே பசை விட்டு இறுக்கிவிட்டுப் போயிருந்தார். கிளாம்பைக் கழற்றியபோது புடைப்பு அநேகமாக இல்லை. கண்ணை மூடித் தடவினால் மட்டும் தெரிந்தது.

"சார், நீங்க ஒரு தடவை அளங்க. மூலையிலேர்ந்து அந்தச் சுவரு வரைக்கும்."

அளந்தேன். "ஆயிரத்து எண்ணூத்து எழுபது."

அவர் அளந்தார். "ஆயிரத்து எண்ணூத்து எழுபத்து மூணு."

"நான் பத்தின் மடங்குக்குக் கொண்டு வந்தேன்" என்றேன். எங்கள் அலுவலகத்தில் அப்படித்தான்.

"உங்க படத்துல மூணு மில்லின்னா எவ்வளவு சார்?"

"பதினஞ்சு மீட்டர்."

"ஒரு வீட்டையே தொலைச்சிட்டீங்க." பென்சிலைக் காதில் செருகினார். "மேஸ்திரிம்மா சொல்லுவாங்க. மேப்பு ரெண்டு தடவை அளந்தா, மூணாவது தடவை நாம அளக்கணும்னு."

மேப்பு நான்தான். அந்தப் பெயரை அவள் தவிர யாரும் சொல்லிக் கேட்டதில்லை. வேலையிடத்தில் என்னைப் பற்றிப் பேசுவாள் என்றும் தெரியாது.

"வேற என்ன சொல்லுவா?"

"எல்லாத்தையும் சொன்னா வேலை ஓடாது" என்றார். "பலகையப் புடிங்க."

வெளியே, வண்டி நிறுத்துமிடத்தில் இரண்டு முக்காலியின் மேல் பலகையைக் கிடத்தினோம். அதன் மேல் இரும்புபோல் கனமான ஓர் அச்சுத்தகடு. மரம் குடையும் ரூட்டர் மெஷினின் கத்தி அந்த அச்சைத் தொட்டபடியே ஓட வேண்டும். எப்போதும் உருண்ட முன் விளிம்பில் நுழைந்து பின்பக்கம் வெளியேற வேண்டும். எதிர்ப்பக்கம் போனால் முன் விளிம்பில் லேமினேட் பல் பல்லாகப் பெயர்ந்துவிடும். அப்படிப் பெயர்ந்தால் எதை ஒட்டியும் மறைக்க முடியாது. அச்சின் பின் முனையில் அவர் ஒரு விசிட்டிங் கார்டை மடித்துச் செருகினார். சுவர் திறந்து நிற்பதற்காக. அவள் கூட்டிய அதே இழை.

ஒரே வெட்டில் முடிக்கவில்லை. பத்துப் பத்து மில்லியாக நான்கு முறை இறக்கினார். நான் தூசு உறிஞ்சும் குழாயைப் பிடித்திருந்தேன். கடைசி முறை அவர் மூச்சு விடவில்லை. நானும் விடவில்லை. மெஷின் நின்றதும் அத்தை சமையலறை ஜன்னலிலிருந்து, "என்ன ஆச்சு? ரெண்டு பேரும் ஏன் சிலை மாதிரி நிக்கறீங்க?" என்றார்.

அரை மில்லி விளிம்பைத் தடவி, விரலை ஆராய்ந்தார். "பல்லு விழலை."

*

இணைக்கும்போது என் இடம் அடியில். மூலை அலமாரிக்குள் மல்லாந்து படுத்து, மூன்று போல்ட்டை முடுக்க வேண்டும். பலகைகளின் அடியில் அதற்கான குழிகள் உண்டு. இந்தப் பக்கக் குழிகள் அரை மில்லி வெட்டியவை. அந்தப் பக்கக் குழிகள் அவள் வெட்டியவை. டார்ச் வெளிச்சத்தில் இரண்டும் ஒரே மாதிரி இருந்தன. அவளுடையவற்றில் உள்தூசுகூடத் துடைத்திருந்தது.

"பசை போடறேன் சார். பத்து நிமிஷத்துல இறுகிடும். நான் சொல்றப்ப கால் சுத்து. முன்ன ஒண்ணு, நடு ஒண்ணு, பின்ன ஒண்ணு. சரியா?"

"ம்."

"வாயத் திறந்து சொல்லுங்க. எனக்குக் கீழ ஒண்ணும் தெரியாது."

"சரி."

சாம்பல் நிறப் பசை. இரண்டு முனையிலும் தடவிச் சேர்த்தார். "முன்ன, கால் சுத்து." முடுக்கினேன். "நடு." முடுக்கினேன். "பின்ன… நில்லுங்க. நில்லுங்க, நில்லுங்க."

போல்ட்டிலிருந்து கையை எடுத்தேன்.

"என்ன?"

"தூக்குது. புதுப் பலகை ஒண்ணரை மில்லி மேல நிக்குது. வளைவோட மிச்சம். கிளாம்ப் இந்த மூலைக்கு எட்டாது." அவர் குரல் மெலிந்தது. இந்தப் பசை இறுகினால் அந்த மேடு பள்ளம் அப்படியே நின்றுவிடும். பிரித்தால் இரண்டு முனையும் போகும். இன்னொரு பலகை கிடையாது. "கைய வெச்சு அழுத்தறேன், எறங்க மாட்டேங்குது. ஏழு நிமிஷம்தான் இருக்கு."

பிறகு சொன்னார்: "அம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. உங்க எடை எவ்வளவு?"

"எதுக்கு?"

"மேல ஏறி உக்காரணும்."

"சமையல் மேடை மேலயா? அதுக்காகவே அவள சின்ன வயசுல எத்தனை தடவை அடிச்சிருக்கேன் தெரியுமா?"

"இன்னைக்கு ஒரு நாள் அவங்க கட்சியில சேந்துக்குங்கம்மா."

நாற்காலி இழுபடும் சத்தம். "புடிங்க. அந்தக் கைய இல்ல, இந்தக் கைய. ஐயோ. பின்னால தள்ளாதீங்க, நான் என்ன அலமாரியா?" அலமாரியின் திறப்பில் அத்தையின் இரண்டு பாதங்கள் வந்து தொங்கின. குதிகாலில் வெடிப்பு. எனக்கு மேலே பலகை முனகியது.

"எறங்குது! இன்னும் கொஞ்சம் மூலை பக்கம் நகருங்க. அவ்வளவுதான். அசையாதீங்க! சார், முன்ன கால் சுத்து. நடு கால் சுத்து. பின்ன… இன்னும்… இன்னும் ஒரு இழை. விட்டுடுங்க."

கந்தல் துணியால் தேய்க்கும் சத்தம் கேட்டது. பிறகு நகத்தால் கீறும் சத்தம். இணைப்பின் குறுக்கே நகத்தை ஓட்டுவது. அவள் எப்போதும் கடைசியில் அப்படித்தான் சோதிப்பாள். நகம் தட்டினால் வேலை தோல்வி. ஒருமுறை ஓட்டினார். இரண்டாவது முறை.

"தட்டலை" என்றார்.



"உங்கள மாதிரி ஒரு கிளாம்ப் எந்தக் கடையிலயும் கெடையாதும்மா. ஒரு மணி நேரம் எறங்கக் கூடாது. சார், நீங்க கொஞ்சம் அங்கேயே இருங்க. அடியில பசை வழிஞ்சா துடைச்சிடுங்க. நான் மெஷின வண்டியில ஏத்திட்டு வரேன்." மூக்கை உறிஞ்சினார். தூசாக இருக்கலாம். வாசல் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

நான் அலமாரிக்குள் கிடந்தேன். அத்தையின் பாதங்கள் மெதுவாக ஆடின.

"வசதியாதான் இருக்கு" என்றார் மேலிருந்து. "இதுக்குப் போய் அவள அடிச்சேன்."

"ம்."

"மாப்ள. கடைசியா அவ நிஜமா என்ன சொன்னா?"

டார்ச்சை அணைத்தேன். ஏன் என்று தெரியவில்லை.

"எனக்கு போன் பண்ணணும்னு அவ சொல்லியிருக்க மாட்டா. பண்ணணும்னு தோணினா பண்ணிடுவா. பண்ணப் போறேன்னு அடுத்தவங்ககிட்ட அறிவிப்பு குடுக்கற ஆளா அவ?"

"அப்பவே தெரியுமா?"

"நீங்க சொல்லி முடிக்கறதுக்குள்ளயே."

"ஏன் கேக்கல?"

"அந்த நிலைமையிலயும் எனக்காக ஒண்ண யோசிச்சு சொன்னீங்க. அத எதுக்குக் கெடுக்கணும்?"

"இப்ப ஏன் கேக்கறீங்க?"

"இப்ப எறங்க முடியாது. வேற வேலை இல்ல."

அடியில் ஒரு சொட்டுப் பசை திரண்டிருந்தது. விரலால் தடவிப் பார்த்துத் துடைத்தேன்.

"படுக்கையிலேர்ந்து கூப்பிட்டுச் சொன்னா" என்றேன். "அந்தப் பலகைய சாய்ச்சு வெக்காத, வளைஞ்சிடும், கீழ படுக்கப் போடுன்னு."

ஆடிக்கொண்டிருந்த பாதங்கள் நின்றன.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"‘ம்’னேன்."

"‘ம்’னீங்க."

"ம்."

பலகை அதிர்ந்தது. முதலில் அழுகிறார் என்று நினைத்தேன். குதிகால்கள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டன. சிரிக்கிறார். "அத்தை, அசையாதீங்க" என்றேன். என் குரலும் சரியாக இல்லை. போல்ட்டின் மேல் கையை வைத்துக்கொண்டேன். அது அசையவில்லை.

"அதோட அவ விட்டிருக்க மாட்டாளே" என்றார் மூச்சு வாங்கியபடி. "நீங்க ‘ம்’னதுக்கு என்ன சொன்னா?"

அதைத்தான் நான் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னேன்.

"‘ம்’னு சொன்னா பலகை தானா படுத்துக்காது, மேப்பு."